கொடையா? கூலியா?

கார் கொடுத்தார்! கேட்டீர்களா செய்தியை? ஒன்றல்ல, இரண்டல்ல, நூறு கார்! உடன் உழைத்தவர்களுக்கு ஒரே நாளில் நூறு கார் கொடுத்தார் ஒரு முதலாளி! இன்னொருவர், ஒவ்வொன்றும் கோடி ரூபாய் அளவு விலை பெறும் கார்கள் ஐந்தை ஐவருக்கு ஈந்தார்! ஏடுகள் எழுதின, தொலைக்காட்சிகள் காட்டின, கைப்பேசிகள் ஊர் ஊராகச் சுமந்து திரிந்தன. சாவியை வாங்கியவர் கண்ணில் நீர். கொடுத்தவர் முகத்தில் நகை. பார்த்தவர் நெஞ்சில் ஏக்கம்!

2022ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் சென்னையில் நடந்தவை இவை. ஐடியாஸ் டூ ஐடி என்னும் மென்பொருள் நிறுவனம் நூறு ஊழியர்க்கு மாருதி கார்களை வழங்கிற்று. கிஸ்ஃப்ளோ என்னும் நிறுவனம் மூத்த அலுவலர் ஐவருக்குப் பி.எம்.டபிள்யூ கார்களை வழங்கிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 செப்டம்பரில், சென்னையிலே பிறந்து வளர்ந்த ஃபிரெஷ்வொர்க்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியபோது, அதன் ஊழியர் ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் கோடி பெற்றோர் ஆயினர் என்றும், அவர்களுள் ஏறத்தாழ எழுபது பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர் என்றும் நாடெங்கும் பறையறையப்பட்டது.

வாழட்டும் அவர்கள்! பெற்றவர் மீது நமக்குப் பொறாமை இல்லை. கொடுத்தவர் மீதும் பகை இல்லை. நாம் பள்ளி ஆசிரியர்கள். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் நம் செல்வம். காரைக் கண்டு கண் சிவக்கும் கூட்டம் நாமல்ல. ஆயினும் ஒன்று கேட்கிறோம். கேட்பது குற்றமென்றால் குற்றவாளிகளாகவே நிற்கிறோம்.

கொடுத்தது என்ன? கொடையா? கூலியா?

கேள்வி சிறிது; ஆனால் பொருநை ஆற்றங்கரையில் இன்று எத்தனையோ வீடுகளின் தலையெழுத்தை, இல்லை, தலையெழுத்து என்று ஒன்று இல்லை, எத்தனையோ வீடுகளின் வரவு செலவை அந்தக் கேள்விதான் தீர்மானிக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் நம்மிடம் வந்தான். முக்கூடல் பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளை. தாய் பீடி சுற்றுகிறார். தந்தை இல்லை. கைப்பேசியில் அந்தக் கார்ப் படத்தைக் காட்டினான்.

"சார், அங்க வேலைக்குச் சேந்தா காரு குடுப்பாவளாம்லா? நெசமா சார்?"

"சம்பளம் எவ்வளவு என்று தெரியுமா தம்பி?" என்று கேட்டோம்.

தெரியாது. கார் தெரியும்; காரின் நிறம் தெரியும்; கொடுத்தவர் பெயர் தெரியும். சம்பளம் தெரியாது! பிழை அவனுடையதா? அவனுக்குச் செய்தி சொன்னவர்கள் அதை மட்டும்தானே சொன்னார்கள்!

அவனைக் குறித்தே இதை எழுதுகிறோம்.

*

முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்தான் பாரி. இரண்டாயிரம் ஆண்டாகப் புகழ்கிறோம், இனியும் புகழ்வோம். ஏன் புகழ்கிறோம்? முல்லை பாரியிடம் வேலை பார்க்கவில்லை. பாரியின் கணக்கை எழுதவில்லை. நள்ளிரவில் கண்விழித்து, கடல் கடந்த நாட்டிலுள்ள பாரியின் வாடிக்கையாளர்க்கு விடையிறுக்கவில்லை. பாரிக்கு இலாபம் ஈட்டித் தரவில்லை. கொழுகொம்பின்றி வாடிற்று, கண்டான், இரங்கினான், தேரை நிறுத்தினான், நடந்து போனான். கடன்படாதவன் கொடுத்தான்; ஆகவே அது கொடை.

மென்பொருள் நிறுவனத்து ஊழியன் முல்லைக்கொடியா? அவன் படர்ந்து நிற்கவா அங்கே போனான்? பத்தாண்டு உழைத்தான். அவன் எழுதிய நிரல் டாலராக விளைந்தது. அந்த விளைச்சலில் ஒரு பகுதி அவன் கைக்கு வருமாயின், அதற்குப் பெயர் ஈகையா?

நாம் மட்டும் சொல்லவில்லை. நூறு கார் வழங்கிய நிறுவனத்தின் நிறுவனரே, தாம் கொடுப்பதாகக் கருதவில்லை, ஊழியர்கள் உழைத்து ஈட்டியது அது என்ற பொருள்படப் பேசினார். நேர்மையான சொல்! பாராட்டுகிறோம். உழைத்து ஈட்டியதற்குத் தமிழில் நல்லதொரு பெயர் உண்டு: ஊதியம். ஆனால் ஏடுகள் அந்தப் பெயரை எழுதினவா? "வள்ளல்" என்றன, "பரிசு மழை" என்றன. கொடுத்தவரே கொடையன்று என்கிறார். பாடுகிறவர்களோ கொடை, கொடை என்று விடாது பாடுகிறார்கள்! அரசவைப் புலவர் மறைந்தனர் என்று யார் சொன்னது?

பாட்டு இனிக்கிறது. கணக்கு எப்படி இருக்கிறது? பார்ப்போம்.

இந்தியாவில் தகவல் தொழில்நுட்பத் துறையில் வேலை பார்ப்போர் ஐம்பது இலட்சத்துக்கு மேல். அந்த ஏப்ரலில் வழங்கப்பட்ட கார்கள் நூற்றைந்து. வகுத்துப் பார்த்தால் நாற்பத்தேழாயிரம் பேருக்கு ஒரு கார்! குலுக்குச் சீட்டில் கூட இதைவிட நல்ல வாய்ப்பு வாய்க்கக் கூடும். நாற்பத்தேழாயிரத்தில் ஒருவன் படம் முதல் பக்கத்தில், மற்றவர் நிலை?

பெரிய மென்பொருள் நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்குப் பத்தாண்டுக்கு முன் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட ஊதியம். இன்றும் பெரும்பாலோர்க்கு மூன்றரை இலட்சத்தைச் சுற்றியே அது நிற்கிறது. பத்தாண்டில் அரிசி விலை அப்படியே நின்றதா? சென்னையில் அறை வாடகை நின்றதா? கல்லூரிக் கட்டணம் நின்றதா? எல்லாம் ஏறின, புதியவன் ஊதியம் மட்டும் கல்லாய்ச் சமைந்து நிற்கிறது!

2024 ஆகஸ்டில் காக்னிசன்ட் நிறுவனம் புதியவர்க்கு ஆண்டுக்கு 2,52,000 ரூபாய் தருவதாக ஒரு செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தது. நிறுவனம் விளக்கம் தந்தது: அது பொறியியல் படித்தவர்க்கு அன்று, மூன்றாண்டுப் பட்டம் பெற்றவர்க்கு, பொறியாளர்க்கு நான்கு இலட்சம் முதல் பன்னிரண்டு இலட்சம் வரை உண்டு என்று. விளக்கத்தை ஏற்கிறோம். ஆனால் அந்த மூன்றாண்டுப் பட்டதாரி யார்? பாளையங்கோட்டையிலும் பேட்டையிலும் நம் கல்லூரிகளில் படித்து வெளிவரும் நம் பிள்ளைதானே? மாதம் இருபத்தோராயிரம் என்று கணக்கு. அதிலே பிடித்தம் போக மீதியில் பெருநகரில் உண்டு, உடுத்து, உறங்கி, ஊருக்கும் அனுப்ப வேண்டும்!

மேல்தட்டிலே என்ன நிலை? இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி 2024-25 நிதியாண்டில் பெற்றது எண்பது கோடி ரூபாய்க்கு மேல். அதில் பெரும்பகுதி பங்குகளாக வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறோம். புதியவன் பெறுவதோடு ஒப்பிட்டால் இரண்டாயிரம் மடங்குக்கு மேல்! அதே நிதியாண்டில், 2025 பிப்ரவரியில், அந்நிறுவனத்தின் மைசூரு வளாகத்திலிருந்து பயிற்சியாளர் முந்நூற்றுக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். மூன்று முறை தேர்வு வைத்தோம், தேறவில்லை என்றது நிறுவனம். அவர்களுள் பலர் 2022ஆம் ஆண்டிலேயே வேலைக் கடிதம் பெற்று, ஏறத்தாழ ஈராண்டு காத்திருந்து சேர்ந்தவர்கள். காக்க வைத்தது யார்? காத்திருந்து மறந்தது யார்? தண்டம் யாருக்கு?

கோடி பெற்றோரை உண்டாக்கியதாகக் கொண்டாடப்பட்ட ஃபிரெஷ்வொர்க்ஸ், 2024 நவம்பரில் ஏறத்தாழ 660 ஊழியரை, பதின்மூன்று விழுக்காட்டினரை, வேலையிலிருந்து நீக்குவதாக அறிவித்தது. அதே வேளையில் நாற்பது கோடி டாலர் செலவிட்டுத் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கப் போவதாகவும் அறிவித்தது. வேலைக்குப் பணம் இல்லை. பங்குக்குப் பணம் உண்டு! நம் மாணவன் முதற்செய்தியை அறிவான். இரண்டாம் செய்தியை அறியான். கொடுத்ததைச் சொல்ல நாளெல்லாம் உண்டு. எடுத்ததைச் சொல்ல ஒரு நாழிகை போதும் என்பது இன்றைய செய்தி அறம்!

*

இனி "போனஸ்" என்னும் சொல்லின் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். அதை அறிந்தால் இன்றைய வேடிக்கை முழுவதும் விளங்கிவிடும்.

1917ஆம் ஆண்டு. முதல் உலகப் போர். விலைவாசி ஏறுகிறது, பம்பாய் நூற்பாலை முதலாளிகளுக்குக் கொள்ளை இலாபம். தொழிலாளர் முணுமுணுக்கின்றனர். ஊதியத்தை உயர்த்தினால் போர் முடிந்தபின் குறைக்க முடியாதே! ஆகவே, "போர்க்காலப் போனஸ்" என்று பத்து விழுக்காடு கொடுத்தனர். அடுத்த ஆண்டு பதினைந்து விழுக்காடு. கொடையாகவே கொடுத்தனர், கொடையென்றே சொல்லிக் கொடுத்தனர்.

கொடையென்றால் நிறுத்தலாம் அல்லவா? 1923ஆம் ஆண்டுக்குப் போனஸ் இல்லை என்று கைவிரித்தனர். 1924இன் தொடக்கத்தில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் தொழிலாளர் ஆலைகளை விட்டு வெளியேறினர். அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர், தலைமை நீதிபதி நார்மன் மக்லியாட். குழு என்ன கூறிற்று? வழக்கத்தாலும் உரிமை இல்லை, சட்டத்தாலும் உரிமை இல்லை, நியாயத்தாலும் உரிமை இல்லை என்றது! பட்டினியால் மெலிந்து தொழிலாளர் ஆலைக்குத் திரும்பினர்.

தோற்றனர், ஆனால் கேள்வி தோற்கவில்லை. ஒரு கால் நூற்றாண்டு கழிந்தது. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நடுவர் மன்றம், இலாபத்தில் எதையெதைக் கழித்து, மீதியில் தொழிலாளிக்குப் பங்கு வகுப்பது என்று ஒரு கணக்கு முறையையே வகுத்துத் தந்தது. 1954இல் கான்பூர் மியூர் ஆலை வழக்கில், போனஸ் என்பது முதலாளி மனமுவந்து அளிக்கும் இனாம் அன்று என்று உச்ச நீதிமன்றம் கூறிற்று. 1961இல் மெகர் தலைமையில் போனஸ் ஆணையம் அமைந்தது. 1965இல் சட்டம் பிறந்தது. முதலில் குறைந்த அளவு நான்கு விழுக்காடு, பின்னர் 8.33 விழுக்காடு. அது என்ன விந்தை எண் என்று மாணவர் கேட்பர். பன்னிரண்டில் ஒன்று! ஒரு மாத ஊதியம்! இலாபம் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் குறைந்த அளவைக் கொடுத்தே தீர வேண்டும். மேல் எல்லை இருபது விழுக்காடு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள்ளும் அந்த இரு எல்லைகளும் இடம் பெற்றுள்ளன.

கொடையாகப் பிறந்தது, போராடி வளர்ந்தது, உரிமையாக முடிசூடிற்று. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு உழைப்பு!

அந்த உரிமை கணிப்பொறித் துறையில் என்ன ஆயிற்று? சட்டத்தின் போனஸ் ஓர் ஊதிய எல்லைக்கு உட்பட்டவர்க்கே. 2015இன் திருத்தம் அந்த எல்லையை மாதம் 21,000 ரூபாய் என்று வைத்தது. அதற்கு மேற்பட்டவன் கேட்க முடியாது. கொடுத்தால் வாங்கிக் கொள்ளலாம். ஆகவே அங்கே "மாறும் ஊதியம்" என்று ஒன்று வந்தது. பெயரைப் பாருங்கள், மாறும் ஊதியம்! வேலை மாறாது, நேரம் மாறாது, இலக்கு குறையாது. ஊதியம் மட்டும் மாறும்! காலாண்டு சரியில்லை, குறைத்தோம் என்பர். வாடிக்கையாளர் சுணங்கினார், நிறுத்தினோம் என்பர். 2024இல் டாடா கன்சல்டன்சி நிறுவனம் அந்த ஊதியத்தை, அலுவலகத்துக்கு வந்த நாள்களின் விழுக்காட்டோடு பிணைத்தது. அடுத்த ஆண்டு ஜூலையில், தன் ஊழியரில் இரண்டு விழுக்காட்டினரை, ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் பேரை நீக்குவதாக அறிவித்தது.

வேலைக் கடிதத்தைப் பாருங்கள். "நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு" என்று ஒரு பெருந்தொகை தலைப்பில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லவும், உறவினரிடம் உரைக்கவும் ஏற்ற தொகை! உள்ளே பிரித்துப் பார்த்தால், வைப்புநிதிக்கு நிறுவனம் கட்டும் பங்கும் அதில். காப்பீட்டுத் தொகையும் அதில். வந்தால் வரும், வராவிட்டால் வராத மாறும் ஊதியமும் அதில். வேலையை விட்ட பிறகு வரவேண்டிய பணிக்கொடையும் அதில்! பணிக்கொடை! 1972இன் சட்டம் அதை உழைப்பவனின் உரிமையாக்கிற்று. நம் மொழி மட்டும் இன்னும் கொடையென்றே அழைக்கிறது. சொல்லிலே ஒட்டிய அடிமைத்தனம் சட்டம் மாறியும் உதிரவில்லை!

உரிமையாக்கிய ஒன்றை மீண்டும் கொடையாக்கும் வேலை நடைபெறுகிறது, தோழர்களே! 1917க்கு நம்மைத் திருப்பி அழைத்துச் செல்கிறார்கள். அதுவும் காரில் ஏற்றி அழைத்துச் செல்கிறார்கள்!

*

கொடைக்கும் கூலிக்கும் உள்ள வேற்றுமையைக் காணப் பம்பாய்க்கும் போக வேண்டா. நெல்லைக்கு வாருங்கள். கொக்கிரகுளத்துக் கரையில் நின்று ஆற்றைப் பாருங்கள்.

அதோ, சுலோசன முதலியார் பாலம். 1843இல் திறக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் பணியாற்றிய ஒருவர், தம் சொந்தப் பொருளைச் செலவிட்டுக் கட்டுவித்த பாலம். யாருக்காக? தமக்கு உழைத்தவர்க்காக அன்று. ஆற்றைக் கடக்கும் எவர்க்கும், வண்டிக்காரர்க்கும், கூடைக்காரிக்கும், பெயர் அறியாத வழிப்போக்கர்க்கும். கடன்படாதவர் கொடுத்தார். அது கொடை! அந்தப் பெயரை நாம் நன்றியோடு சொல்கிறோம்.

அதே கரையில், அதே ஆற்றில், 1999ஆம் ஆண்டு ஜூலை 23 அன்று என்ன நடந்தது? மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்குக் கூலி உயர்வு கேட்டும், போராடிச் சிறைப்பட்டவரை விடுவிக்கக் கேட்டும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலம் வந்தது. காவலர் தடி கொண்டு அடித்தனர். மக்கள் ஆற்றில் இறங்கினர். பதினேழு பேர் மாண்டனர். இருவர் பெண்கள். ஒன்று கைக்குழந்தை. எந்த ஆட்சியில் நடந்தது என்று பார்த்து அழுகின்ற கண் நமக்கு வேண்டா. எந்த ஆட்சியாயினும் கூலி கேட்டவன் மீது தடி விழுந்தது கொடுமையே! மலைமேல் அந்தத் தோட்டமும் இன்று இயங்கவில்லை. 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்குத் தீர்க்கப்பட்டது. ஆண்டுதோறும் ஜூலை 23இல் ஆற்றிலே மலர் தூவுகிறார்கள்.

கொடுத்தவர் பெயர் பாலத்தில். கேட்டவர் உயிர் ஆற்றில்! இதுவன்றோ நம் நாட்டு நிலை! கொடுக்கும் கைக்குக் கல்வெட்டு. கேட்கும் கைக்குத் தடியடி. அந்த நிலையின் இன்றைய வடிவந்தான் நாம் காணும் செய்திகள். கொடுப்பவர்க்கு முதற்பக்கம், கேட்பவர்க்கு வாயிற்கதவு.

கேட்டுப் பெற்ற வரலாறும் நம் சீமைக்கு உண்டு. 1908 பிப்ரவரியில், அன்று நெல்லை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த தூத்துக்குடியில், ஆங்கிலேயரின் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலையை நிறுத்தினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களோடு நின்றனர். மார்ச்சுத் தொடக்கத்தில் ஆலை இறங்கி வந்தது. அந்த மாதமே தலைவர்கள் சிறைக்குப் போயினர். ஆனால் தொழிலாளி கூலி உயர்வோடு ஆலைக்குள் போனான். அது வெள்ளையன் ஈந்த பரிசு என்று எந்தத் தொழிலாளியாவது எண்ணியிருப்பானா?

*

மறுப்புரை வரும். வரட்டும், விடை சொல்வோம்.

"உங்கள் பக்கத்திலேயே தென்காசி மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இல்லையா? சிற்றூரிலே அலுவலகம் அமைத்து, பட்டம் இல்லாத பிள்ளைகளையும் உதவித்தொகை கொடுத்துப் பயிற்றி வேலைக்கு எடுக்கவில்லையா?" என்பர். எடுக்கிறது; மறுக்கவில்லை; மகிழ்கிறோம். அதன் நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பெருநகரை விட்டுச் சிற்றாற்றுப் பக்கம் வந்து வாழ்வதையும் அறிவோம். கையிருப்பில் பெரும்பணம் வைத்துக்கொண்டே ஆட்களை நீக்கிப் பங்கைத் திரும்ப வாங்கும் நிறுவனத்தை, பெயர் சொல்லாமல், பேராசை என்று 2024இல் கண்டித்தவரும் அவரே. நல்ல சொல்லை யார் சொன்னாலும் ஏற்போம். ஆனால் ஊடகங்கள் அங்கே எதைக் காட்டின? அவர் கட்டிய வேட்டியைக் காட்டின. அவர் சென்ற மிதிவண்டியைக் காட்டின. அங்கு வேலை பார்க்கும் ஆயக்குடிப் பிள்ளைக்கும் கடையம் பிள்ளைக்கும் ஊதியம் எவ்வளவு, சென்னையில் அதே வேலை பார்ப்பவர்க்கு எவ்வளவு என்று கேட்டு எழுதிய கட்டுரை எத்தனை? நல்லவர் வாய்த்தால் நல்லது நடக்கும். வாய்க்காவிட்டால்? உரிமை ஆள் பார்த்து வருவதன்று. அருள்தான் ஆள் பார்த்து வரும். ஒரு மாவட்டத்தின் வாழ்வை ஒருவர் நற்குணத்தின் மீது கட்டலாமா?

"அவர்கள் படித்தவர்கள், அவர்களுக்குச் சங்கம் எதற்கு?" என்பர். படித்தவனுக்குப் பசி இல்லையா? நீக்கல் கடிதம் படித்தவனைக் கண்டு வெட்கி ஒதுங்குகிறதா? கணிப்பொறி ஊழியரும் சங்கம் அமைக்கலாம், தொழிற்சங்கச் சட்டமும் தொழிற்தகராறுச் சட்டமும் அவர்க்கும் பொருந்தும் என்று 2016இலேயே தமிழ்நாடு அரசு தெளிவுபடுத்தியது. பூட்டு இல்லை, கதவைத் திறக்கத் துணிவுதான் இல்லை. ஆலைத் தொழிலாளி எழுத்தறியாத காலத்தில் கேட்டுப் பெற்றதை, நான்கு கணிப்பொறி மொழி அறிந்தவன் கேட்கக் கூசுகிறான். கேட்டால் "நாகரிகம் இல்லை" என்பார்களாம்! கேளாமல் வாங்குவது நாகரிகம். கேட்டுப் பெறுவது அநாகரிகம் என்று அவனுக்குக் கற்பித்தது யார்?

"கொடுக்கிறவர் கையைத் தடுப்பானேன்?" என்பர். தடுக்கவில்லை ஐயா! தாராளமாகக் கொடுக்கட்டும்! கார் கொடுக்கட்டும், கப்பல் கொடுக்கட்டும்! கொடுப்பதற்கு முன், புதியவன் ஊதியம் பத்தாண்டாக ஏன் ஏறவில்லை என்று சொல்லட்டும். மாறும் ஊதியம் எந்தக் கணக்கில் மாறுகிறது என்று எழுதி வைக்கட்டும். நீக்கப்படுவோர்க்கு எத்தனை மாத ஊதியம் என்பதை, நீக்கும் நாளிலன்று, சேர்க்கும் நாளிலேயே சொல்லட்டும். பிறகு கொடுக்கட்டும் காரை, நாமும் கைதட்டுகிறோம்!

*

அந்த மாணவனுக்குத் திரும்புவோம்.

மறுநாள் அவன் தாயும் வந்தார். விரல் நுனிகளில் புகையிலைக் கறை. பள்ளிக்கூடம் கண்டறியாதவர். மகன் சொன்னதையெல்லாம் கேட்டிருந்தார். நம்மிடம் கேட்டார்:

"கார் கெடக்கட்டும் சார். மாசச் சம்பளம் எவ்வளவு? லீவுக்குச் சம்பளம் உண்டா? போனஸ் எத்தன பெர்சென்ட்டு?"

திகைத்து நின்றோம். கல்லூரியில் நமக்கு எவரும் கற்பிக்காத மூன்று கேள்விகள்! அவருக்குக் கற்பித்தது யார்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணி வாங்கிய கூலி கற்பித்தது. சங்கத்துக் கூட்டத்தில் மண் தரையில் அமர்ந்து கேட்ட பேச்சு கற்பித்தது. வீட்டில் இருந்து பீடி சுற்றுவோரையும் தொழிலாளர் என்று ஏற்று 1966இல் வந்த சட்டம் கற்பித்தது. வறுமை அவரிடம் உண்டு. கூலி குறைவு என்ற குறையும் உண்டு. ஆனால் போனஸை இனாம் என்று அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. அது தமக்கு வரவேண்டிய பணம் என்பதை அறிவார். கணிப்பொறி அறியாத தாய் அறிந்ததைக் கணிப்பொறி அறியப்போகும் மகன் அறியவில்லை. இதுவா முன்னேற்றம்?

ஆகவே ஆசிரியத் தோழர்களுக்குச் சொல்கிறோம்: நம் வகுப்பில் வட்டிக் கணக்கு கற்பிக்கிறோம், ஒருநாள் ஒரு வேலைக் கடிதத்தை எடுத்துக் கரும்பலகையில் பிரித்துக் காட்டுவோம். எது கைக்கு வரும், எது வராது, எது வந்தால் வரும் என்று மாணவர் வகுத்துப் பார்க்கட்டும். அதைவிடப் பயனுள்ள கணக்கு வேறில்லை.

ஏட்டாளர்களுக்குச் சொல்கிறோம்: கார் படத்தைப் போடுங்கள்; பக்கத்திலேயே அந்த நிறுவனத்தின் கடைநிலை ஊதியத்தையும் போடுங்கள். ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத எந்த முதலாளி தடுக்கிறாரோ, அவர் கொடுத்தது எது என்பதை நாடு தானே அறிந்துகொள்ளும்.

காணி நிலத்தை ஈடு வைத்துப் பிள்ளையைப் பொறியியல் கல்லூரிக்கு அனுப்பும் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ஆலங்குளம் பெற்றோர்க்குச் சொல்கிறோம்: வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர் எத்தனை இலட்சம் என்று சொல்லும்போது, "அதில் மாதந்தோறும் கைக்கு வருவது எவ்வளவு?" என்று கேளுங்கள். கேட்கக் கூசாதீர்கள். நெல் விற்கும்போது எடையைப் பார்ப்பவர் நாம்; பிள்ளையின் உழைப்பை விற்கும்போது மட்டும் எடை பார்க்காமல் விடுவானேன்?

தம்பிமார்களே! கார் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், நன்றாக ஓட்டுங்கள், தாயை ஏற்றிக்கொண்டு குற்றாலத்துக்குப் போய் வாருங்கள். ஆனால் சாவியை வாங்கும்போது முதுகை வளைக்காதீர்கள். உங்கள் கைக்கு வந்தது உங்கள் உழைப்பு. எல்லார்க்கும் வரவேண்டியது இன்னும் வரவில்லை.

அதைக் கேளுங்கள்!